பிறந்த மகளும் அவளுடைய சட்டைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு இப்போது எட்டு மாதம். பெற்றோராகப் போகிறவர்களும் அண்மையில் ஆனவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு பெரும்பாலும் "என்ன உடுப்பு வாங்குவது?" என்றுதான் தொடங்கும். பத்து நிமிடம் போனால் தூக்கம், அழுகை, டயப்பர், பயம் என்று வீடு முழுக்கச் சுற்றி வந்துவிடும். கைக்குழந்தையின் உடுப்பைத் தனியாகப் பிரித்துப் பேச முடியாது என்பது எனக்கும் மெல்லத்தான் புரிந்தது. நான் மருத்துவன் அல்லன், அவளுடைய அப்பா. மருத்துவர்கள் சொல்லக் கேட்டதையும், தேடிப் படித்ததையும், நள்ளிரவில் என் கையால் செய்து கற்றதையும் எழுதுகிறேன்.

பிறப்பதற்கு முன் எத்தனை உடுப்பு வாங்கி வைக்க வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவாக. ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை மாற்ற வேண்டியிருக்கும். பால் கக்குவாள், டயப்பர் ஓரமாகக் கசியும், சில நாட்களில் இரண்டும் சேர்ந்து நடக்கும். தினமும் துவைக்க முடிந்தால் ஆறு முதல் எட்டு மேல்சட்டைகள் போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் துவைக்க முடியுமென்றால் பத்துப் பன்னிரண்டு. அதோடு மெல்லிய பருத்தித் துண்டுகள் ஒரு டஜன் வைத்துக்கொள்ளுங்கள். தோளில் போட, வாய் துடைக்க, கீழே விரிக்க என்று உடுப்பைவிட அவைதான் அதிகம் உழைக்கும்.

நாங்கள் இருபத்திரண்டு வாங்கி வைத்திருந்தோம். ஒவ்வொன்றையும் மடித்து அடுக்கும்போது அவள் வந்துவிட்டதுபோலவே இருந்தது. அந்த மகிழ்ச்சியை யாரும் விட்டுவிட வேண்டாம். ஆனால் அவற்றில் ஒன்பது சட்டைகள் லேபிள்கூடக் கிழிக்கப்படாமலே அவளுக்குச் சிறியதாகிப் போயின.

"0–3 மாதம்" என்று போட்டிருப்பதை நம்பலாமா?

மாதத்தை நம்பாதீர்கள், நீளத்தைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகளின்படி, பெண் குழந்தையின் நடுத்தர நீளம் பிறக்கும்போது ஏறத்தாழ 49 செ.மீ. ஒரு மாதத்தில் அது 54-ஐ நெருங்குகிறது, இரண்டு மாதத்தில் 57, மூன்று மாதத்தில் 60. அதாவது மூன்றே மாதத்தில் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் வளர்கிறாள். பிறந்த நாளில் போட்ட சட்டையை அவள் நூறாவது நாளில் எப்படிப் போடுவாள்?

ஐரோப்பிய அளவுகளில் 50, 56, 62, 68 என்று வரும் எண்கள் குழந்தையின் நீளத்தையே சென்டிமீட்டரில் குறிப்பவை. மாதக் கணக்கைவிட இந்த முறை எனக்கு மிகவும் உதவியது. 50-இல் இரண்டு மூன்று, 56-இல் ஆறு, மிச்சம் 62-இல் என்று வாங்கினால் வீணாகாது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு 44 என்ற அளவும் உண்டு.

"பெரிதாக வாங்கினால் நாள்பட வரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கை, கால் நீளத்தில் அது சரி, மடித்துவிடலாம். கழுத்தில் மட்டும் சரியில்லை. கழுத்து அகன்ற சட்டை தூக்கத்தில் மேலேறி வாயையும் மூக்கையும் மூடிவிடக்கூடும். கழுத்துக்கும் துணிக்கும் இடையில் உங்கள் ஒரு விரல் இடறாமல் நுழைந்தால் போதும்.

இன்னொன்று: முதல் சில நாட்களில் அவள் எடை குறையும். பிறந்த எடையில் ஏழு விழுக்காடு, சில சமயம் பத்து வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்குத் திரும்புவது வழக்கம். மருத்துவமனையில் அளவாக இருந்த சட்டை வீட்டுக்கு வந்ததும் தொளதொளவென்று தெரிந்தால் உடனே கலங்க வேண்டாம். எடை பார்க்கச் சொன்ன நாளில் மறக்காமல் பார்த்துவிடுங்கள்.

முதல் வாரத்தில் என்ன போடுவது?

முதல் உடுப்பு உங்கள் நெஞ்சுதான். டயப்பர் மட்டும் அணிந்த குழந்தையை அம்மாவின் வெறும் மார்பில் கிடத்தி, முதுகின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டால் அவள் உடல் சூடு தானாகச் சமன்படுகிறது. 1978-இல் கொலம்பியாவின் போகோட்டா நகரில் எட்கர் ரேய் சனாப்ரியா என்ற மருத்துவர், இன்குபேட்டர்கள் போதாத நிலையில், எடை குறைந்த குழந்தைகளை இப்படித் தாயின் நெஞ்சோடு வைத்துக் காக்கத் தொடங்கினார். கங்காரு முறை என்று இன்று உலகம் முழுக்கப் பின்பற்றப்படுவது அதுதான். அப்பாவின் நெஞ்சிலும் இது நடக்கும். என் மனைவி தூங்கிய ஒரு பிற்பகலில் மகளை அப்படிக் கிடத்தியிருந்தேன். மூன்று கிலோ எடை ஒரு மனிதனை அசையாமல் கட்டிப்போடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து பக்கவாட்டில் மூடும் சட்டைகள். தொப்புள்கொடியின் மிச்சம் காய்ந்து விழ ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அதுவரை அது உலர்ந்தும் உரசாமலும் இருக்க வேண்டும். டயப்பரின் மேல் விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே மடித்துவிடுங்கள். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த கால்சட்டை அந்த நாட்களில் வேண்டவே வேண்டாம். கொடி விழுந்த காலை, டயப்பருக்குள் ஒரு காய்ந்த கறுப்புத் துணுக்கைப் பார்த்து நாங்கள் இருவரும் பேச்சில்லாமல் நின்றோம். ஒன்பது மாதம் அவளையும் அவள் அம்மாவையும் இணைத்திருந்த ஒன்றின் கடைசித் துண்டு அது.

தலை வழியாகச் சட்டை போடப் பயமாக இருக்கிறது. எப்படிப் போடுவது?

எல்லோருக்கும் இந்தப் பயம் இருக்கிறது, என் கைகளும் நடுங்கின. முறை இதுதான். சட்டையை உங்கள் இரு கைகளிலும் வளையம்போல் சுருட்டிக்கொள்ளுங்கள். கழுத்துத் துவாரத்தை நன்றாக விரித்து, முதலில் பின்தலையைத் தாண்டவிட்டு, பிறகு முகத்தில் உரசாமல் முன்னால் இறக்குங்கள். கையை மாட்ட, அவள் கையைப் பிடித்துச் சட்டைக்கைக்குள் தள்ளாதீர்கள்; விரல்கள் விரிந்து துணியில் சிக்கும். மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து உங்கள் விரல்களை உள்ளே விட்டு, அவள் மூடிய கையை மெல்லப் பற்றிக்கொண்டு, துணியை அவள் கைமேல் இழுத்துவிடுங்கள். அவள் கை அசையாது, துணிதான் நகரும். நான்காவது முறையிலேயே பழகிவிடும்.

தோளில் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்த கழுத்துள்ள சட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக வைத்ததல்ல. டயப்பர் நிரம்பி முதுகு வரை ஏறிவிட்ட சமயத்தில், அந்தச் சட்டையைத் தலை வழியாகக் கழற்றாமல், தோள்களைத் தாண்டிக் கீழ்நோக்கி இழுத்து, கால் வழியாக எடுத்துவிடலாம். முடியிலும் முகத்திலும் படாது. இதை எனக்கு ஒரு செவிலியர் போகிற போக்கில் சொன்னார். இதுவரை எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் இதைப்போல் பயன்பட்டது குறைவு.

பட்டனா, ஜிப்பா, நாடாவா?

இரவு மூன்று மணிக்கு, மங்கலான வெளிச்சத்தில், பாதித் தூக்கத்தில், அழுகிற குழந்தைக்கு மாட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். கால் முதல் கழுத்து வரை பதினொரு பிரஸ் பட்டன் உள்ள உடுப்பு பகலில் பரவாயில்லை. இரவில் எப்போதும் ஒரு பட்டன் தவறி, கடைசியில் ஒன்று மிஞ்சும். இரவுக்கு ஜிப்தான். அதிலும் கீழிருந்து மேலே திறக்கும் இருவழி ஜிப் இருந்தால், நெஞ்சைத் திறந்து குளிரவிடாமல் டயப்பரை மட்டும் மாற்றலாம். ஜிப்பின் உள்பக்கம் முழு நீளத்துக்கும் துணிப்பட்டையும், மேல் நுனியில் தாடை படும் இடத்தில் சிறு மூடியும் இருக்கிறதா பாருங்கள்.

கழுத்தருகே இழுத்துக் கட்டும் நாடா எந்த வடிவிலும் வேண்டாம். ஐரோப்பாவின் ஈ.என். 14682 என்ற தரவிதி, ஏழு வயதுக்கு உட்பட்டவர்களின் உடுப்பில் கழுத்திலும் தலைமூடியிலும் இழுநாடாவுக்கு இடமே தரவில்லை. கழுத்தை இறுக்கிய விபத்துகள் நடந்த பிறகு எழுதப்பட்ட விதி அது. முதுகுப்பக்கம் பட்டன் வைத்த சட்டைகளையும் நான் வாங்குவதில்லை. நாள் முழுவதும் மல்லாந்து படுத்திருப்பவளின் முதுகெலும்பின் கீழ் பட்டன் எதற்கு?

எந்தத் துணி நல்லது?

பருத்தி. காரணத்தை எண்ணாகவே சொல்லலாம். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி இழை தன் எடையில் 8.5 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை உள்வாங்கி வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4 விழுக்காடுதான். பாலியஸ்டர் சட்டைக்குள் வியர்வை தோலிலேயே தங்கிப்போகிறது. கைக்குழந்தையின் வியர்வைச் சுரப்பிகள் இன்னும் முழுதாகப் பக்குவப்படாதவை. எளிதில் அடைத்துக்கொண்டு கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் வியர்க்குருவாக வெடிக்கும்.

மூங்கில் துணி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, மூங்கில் கூழை வேதிமுறையில் கரைத்து நூலாக்கிய விஸ்கோஸ். மென்மையாகவே இருக்கிறது, போடலாம். "இயற்கை" என்ற சொல்லுக்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

லேபிளில் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்று இருந்தால், தீங்கு தரும் வேதிப்பொருட்களுக்காக அந்தத் துணி சோதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 1992 முதல் இருக்கும் இந்தச் சான்றில், மூன்று வயது வரையிலான குழந்தைகளின் பொருட்களுக்கு முதல் வகுப்பு என்று மிகக் கடுமையான வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட எளிய சோதனை ஒன்று: சட்டையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்புங்கள். அவள் தோலில் படப்போவது அந்தப் பக்கம்தான். தையல் விளிம்பு தடிமனா, பூவேலைப்பாட்டின் பின்புறம் சொரசொரப்பா, லேபிள் கழுத்தில் குத்துகிறதா என்று உங்கள் மேலுதட்டில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். விரல் நுனி ஏமாற்றும், உதடு ஏமாற்றாது.

புதுச் சட்டையைத் துவைத்துத்தான் போட வேண்டுமா?

ஆம். சுருங்காமல் இருக்கப் பூசும் மருந்துகள், ஒட்டாத சாயம், கிடங்குத் தூசி எல்லாம் அதில் இருக்கும். வாசனை சேர்க்காத சோப்புத்தூளில் துவைத்து, நன்றாக அலசி, வெயிலில் உலர்த்துங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் தேவையில்லை; அது இழைமேல் படலமாகப் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும்.

அவளுக்குக் குளிருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கை கால் எப்போதும் சில்லென்று இருக்கிறதே?

கையையும் காலையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் வாரங்களில் ரத்த ஓட்டம் நுனிகளுக்குக் குறைவாகவே போகும். உள்ளங்கை குளிர்ந்தும் சற்று நீலம் பாரித்தும் இருப்பது பொதுவாக இயல்பு; உதடும் நாக்கும் நீலமானால்தான் அது அவசரம். பிடரியிலோ நெஞ்சிலோ உங்கள் இரண்டு விரலை வையுங்கள். இளஞ்சூடாக, உலர்ந்து இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். குளிர்ந்திருந்தால் ஓர் அடுக்கைக் கூட்டுங்கள்.

கைக்குழந்தைக்கு நம்மைப்போல் நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. தோள்பட்டைகளுக்கு இடையிலும் கழுத்திலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடாகிறாள். தலை மட்டுமே அவள் உடற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பெரியவர்களுக்குப் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதனால்தான் பிறந்தவுடன் குல்லா போடுகிறார்கள், வெளியே குளிரில் போகும்போது போட வேண்டும் என்கிறார்கள். வீட்டுக்குள் அதே குல்லா வேறு விதமாக வேலை செய்யும். அதிகச் சூட்டில் கணிசமான பகுதியை அவள் தலை வழியாகத்தான் வெளியேற்றுகிறாள், அந்த வழியை அடைத்துவிடுகிறோம்.

குளிரான இடத்தில் உங்களைவிட ஓர் அடுக்கு கூடுதல். வெப்பமான அறையில் நீங்கள் அணிந்திருக்கும் அதே அளவு, அல்லது ஒரே ஒரு மெல்லிய சட்டை. குளிருக்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதிகச் சூடும் ஆபத்துதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தூங்கும்போது போர்த்தக் கூடாதா?

கூடாது. முதல் ஆண்டு முழுவதும் மல்லாக்க, தட்டையான, உறுதியான மெத்தையில், தனியாகப் படுக்க வைக்க வேண்டும். தலையணை, போர்வை, பொம்மை, குல்லா, தலைப்பட்டை எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் 1994-இல் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கும்படி பெரிய பிரசாரம் தொடங்கினார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் தூக்கத்தில் திடீரென நேரும் குழந்தை மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. மருந்தில்லை, கருவியில்லை, படுக்க வைக்கும் முறை ஒன்றுதான் மாறியது.

குளிருக்குத் தூக்கப் பை இருக்கிறது. கைகள் வெளியே, கால்கள் உள்ளே, தோளில் பட்டன். அது எவ்வளவு சூட்டைத் தக்கவைக்கும் என்பதை டாக் என்ற அலகில் குறிப்பார்கள்: 0.5 வெப்பமான அறைக்கு, 1 மிதமான அறைக்கு, 2.5 குளிரான அறைக்கு. கழுத்தும் கைத்துவாரமும் தலை உள்ளே வழுக்காத அளவுக்குப் பொருந்த வேண்டும்.

துணியில் இறுக்கமாகச் சுற்றினால் நன்றாகத் தூங்குகிறாளே?

தூங்குவாள். திடுக்கிட்டுக் கைகளை விரிக்கும் அனிச்சைச் செயலை அந்தச் சுற்று அடக்குகிறது. மேலே கைகளைச் சுற்றலாம், கால்களை மட்டும் கட்டாதீர்கள். மகளைப் பெற்றவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

கைக்குழந்தையின் இடுப்பு மூட்டில், தொடை எலும்பின் பந்துபோன்ற தலை உட்காரும் கிண்ணம் இன்னும் மென்மையான குருத்தெலும்பாகத்தான் இருக்கிறது. கால்கள் தவளைபோல் மடங்கி, அகன்று இருக்கும்போது அந்தப் பந்து கிண்ணத்தின் நடுவில் நன்றாகப் பதிகிறது. கிண்ணமும் அதைச் சுற்றி ஆழமாக வளர்கிறது. கால்களை நேராக நீட்டி, ஒன்றோடொன்று சேர்த்து இறுக்கினால் பந்து விளிம்பை நோக்கித் தள்ளப்படுகிறது. கிண்ணம் ஆழமில்லாமல் போகலாம், மூட்டே நழுவலாம். இந்தக் குறை பெண் குழந்தைகளுக்கு ஆண் குழந்தைகளைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக வருகிறது. தலை மேலாகக் கருவில் இருந்தவர்களுக்கும், குடும்பத்தில் ஏற்கெனவே இருந்தால் அவர்களுக்கும் கூடுதல் கவனம் வேண்டும்.

ஆகவே எந்த உடுப்பை வாங்கினாலும் நான் முதலில் பார்ப்பது கவட்டுப் பகுதியைத்தான். டயப்பரும் சேர்ந்து அடங்க அகலம் இருக்கிறதா? முழங்காலை மடக்கி மேலே தூக்கினால் துணி தடுக்கிறதா? கைக்குழந்தை அளவில் விற்கப்படும் இறுக்கமான ஜீன்ஸைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புரள்வதற்கான முதல் அறிகுறி தெரிந்த அன்றே கைகளைச் சுற்றுவதையும் நிறுத்திவிட வேண்டும். குப்புறப் புரண்டவளுக்குக் கை கட்டப்பட்டிருந்தால் முகத்தைத் திருப்ப முடியாது.

மகளின் டயப்பரில் ரத்தம்போல் தெரிந்தது. பயந்துவிட்டோம்.

நாங்களும்தான். பிறந்த நான்காம் நாள், நகக்கண் அளவுக்கு இளஞ்சிவப்பு. அம்மாவின் வயிற்றில் இருந்தவரை அவளுக்குக் கிடைத்துவந்த ஹார்மோன்கள் பிறந்தவுடன் சட்டென்று குறைவதால், பெண் குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் வெள்ளைக் கசிவோ சில துளி ரத்தமோ வரலாம். அதே காரணத்தால் மார்பு சற்று வீங்கவும் செய்யும். அதை அழுத்தவே கூடாது. சில நாட்களில் தானாகச் சரியாகும். ரத்தம் அதிகமாகவோ, ஒரு வாரத்துக்கு மேலோ வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். செங்கல் நிறத் தூள்போல் தெரிந்தால் அது பெரும்பாலும் சிறுநீரில் வரும் யூரேட் படிகம்; முதல் இரண்டு மூன்று நாள் பார்க்கலாம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் போதுமான பால் கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு ஆலோசனை கேளுங்கள்.

துடைப்பது எப்போதும் முன்னிருந்து பின்னாக. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சு போதும். இதழ்களுக்கு இடையில் ஒட்டியிருக்கும் வெண்படலத்தைச் சுரண்டி எடுக்க வேண்டாம், அது தோலைக் காக்கிறது. இந்த வேலை அம்மாவுக்கு மட்டும் உரியது என்று ஒதுங்கும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் மகள் அவள்.

தலைப்பட்டை, ஜிகினா கவுன், காலணி இதெல்லாம் எப்போது?

அவள் இன்னும் யாருக்கும் தன்னைக் காட்ட வேண்டியதில்லை. ஆண் குழந்தைக்குச் சட்டை வாங்கும்போது யாரும் தலையில் பூ வைப்பதைப் பற்றி யோசிப்பதில்லை. மகளுக்கு மட்டும் வாங்கிய முதல் பெட்டியிலேயே மூன்று தலைப்பட்டைகள் இருந்தன. முடி இல்லாத தலையைச் சுற்றி ஒரு எலாஸ்டிக். நெற்றியில் சிவந்த கோடு விழுந்ததைப் பார்த்தேன், அன்றே எடுத்து வைத்துவிட்டேன். தளர்வாக இருந்தால் கண்ணையும் மூக்கையும் நோக்கி இறங்கும், இறுக்கமாக இருந்தால் தோலை அழுத்தும். புகைப்படம் எடுக்க இரண்டு நிமிடம் அணிவித்தால் தவறில்லை, நீங்கள் பக்கத்திலேயே இருந்தால்.

ஜிகினாவும் மணிகளும் பிய்ந்து வாய்க்குப் போகும். வலைத்துணிப் பாவாடை தொடையை அறுக்கும். தூக்கும்போது சுருண்டு முதுகின் கீழ் முடிச்சாகும். காலணி நடக்கத் தொடங்கிய பிறகு. கழுத்தில் எதுவும் வேண்டாம்: பல் முளைக்கும்போது அணிவிக்கும் அம்பர் மணிமாலை ஒரு பதினெட்டு மாதக் குழந்தையின் கழுத்தைத் தூக்கத்தில் இறுக்கிக் கொன்றதை அடுத்து, 2018-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது.

எல்லாம் இளஞ்சிவப்பாகவே வந்து சேர்கிறது. பரவாயில்லையா?

நிறத்தால் ஒரு தீங்கும் இல்லை, பிடித்தால் போடுங்கள். "பெண் என்றால் இதுதான்" என்று யாராவது சொன்னால் மட்டும் இதைச் சொல்லுங்கள்: 1918-இல் அமெரிக்கக் குழந்தை உடுப்பு வணிக இதழ் ஒன்று, அழுத்தமான நிறம் என்பதால் இளஞ்சிவப்பை ஆண் குழந்தைகளுக்கும், மென்மையானது என்பதால் நீலத்தைப் பெண் குழந்தைகளுக்கும் பரிந்துரைத்தது. அதற்கும் முன்னால் எல்லாக் குழந்தைக்கும் வெள்ளைக் கவுன்தான். பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்கிளின் ரூஸ்வெல்ட், 1884-இல் இரண்டரை வயதில் வெள்ளைப் பாவாடையோடும் நீண்ட முடியோடும் எடுத்த படம் இருக்கிறது.

அவள் கண்ணுக்கு எதுவானாலும் ஒன்றுதான். முதல் வாரங்களில் இருபது முப்பது சென்டிமீட்டர் தூரம்தான் அவளுக்குத் தெளிவாகத் தெரியும். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம் அது. நான் வெளிர் நிறங்களை விரும்புவதற்குக் காரணம் வேறு: ஊரும் பூச்சியோ, ரத்தத் துளியோ, கசிவோ உடனே கண்ணில் படும்.

கையுறை, காலுறை அவசியமா?

முகத்தைக் கீறாமல் இருக்கக் கையுறை என்பார்கள். நகத்தை வெட்டுவதே மேல். ஆழ்ந்த தூக்கத்தில் வெட்டினால் அசையமாட்டாள். கைகளை வாய்க்குக் கொண்டுபோவதும், துணியைத் தடவுவதும் அவளுடைய முதல் படிப்பு. பசி எடுத்தால் மூடிய கையைச் சப்புவாள். அந்தச் செய்தியும் கையுறைக்குள் மறைந்துபோகும்.

காலுறை போடலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த பிறகு. மூன்றாம் மாதத்தில் ஒரு மாலை அவள் அழுகை நிற்கவே இல்லை. பால் கொடுத்தோம், டயப்பர் மாற்றினோம், தோளில் போட்டு நடந்தோம். முக்கால் மணி நேரம். கடைசியில் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்று காலுறையை உருவினேன். இடது காலின் இரண்டாவது விரல் செந்நீலமாக வீங்கியிருந்தது. விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தால், விரலின் அடியில் இரண்டு சுற்றாக ஒரு தலைமுடி. பிரசவத்துக்குப் பின் மூன்றாம் மாதவாக்கில் அம்மாக்களுக்கு முடி அதிகமாகக் கொட்டும். துவைக்கும்போது அதில் ஒரு இழை காலுறைக்குள் போயிருக்கிறது. மனைவி காலைப் பிடித்துக்கொள்ள, மெல்லிய இடுக்கியால் தூக்கி அறுத்தேன். ஒரு மணி நேரத்தில் நிறம் திரும்பியது. முடி தோலுக்குள் அமிழ்ந்திருந்தாலோ, முழுதாக வந்ததா என்ற சந்தேகம் இருந்தாலோ வீட்டில் முயல வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்த ஓட்டம் நின்றால் விரலே போய்விடும். காரணம் தெரியாமல் அழும் குழந்தையின் பத்துக் கால்விரல்களையும் பத்துக் கைவிரல்களையும் அன்றிலிருந்து நான் எண்ணிப் பார்க்காமல் இருப்பதில்லை.

அழுதால் உடுப்புதான் காரணமா?

சில சமயம். பெரும்பாலும் இல்லை. எல்லாவற்றையும் கழற்றி, இடுப்பு எலாஸ்டிக், கழுத்து லேபிள், விரல்கள் என்று ஒருமுறை பாருங்கள். பிறகும் அழுதால், அழுகைக்கும் ஒரு வயது உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1962-இல் வெளியிட்ட ஆய்வில், நலமாக இருக்கும் குழந்தைகளின் அழுகை வாரத்துக்கு வாரம் கூடி, ஆறாவது வாரவாக்கில் உச்சத்தை அடைந்து, பிறகு இறங்குவதைக் காட்டினார். நம் ஆறாவது வாரத்தில் அது நினைவுக்கு வந்தால் பெரிய ஆறுதல். பொறுமை எல்லை தாண்டும்போது, அவளைப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் குலுக்காதீர்கள்.

அதே ஆறாவது வார அளவில்தான் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் தொடங்குவாள்.

கறை போவதே இல்லை. என்ன செய்யலாம்?

பாலும் மலமும் புரதக் கறை. வெந்நீர் பட்டால் நூலோடு இறுகிவிடும். முதலில் குளிர்ந்த நீரில் உள்பக்கமிருந்து அலசி, என்சைம் கலந்த சோப்பில் அரை மணி ஊறவைத்துத் துவையுங்கள். மிஞ்சும் மஞ்சள் கறையை ஈரத்தோடு வெயிலில் விரியுங்கள். மாலைக்குள் வெளிறிவிடும்.

அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள். நான் என்ன செய்ய?

இந்தக் கேள்வியை ஒரு நண்பர் சட்டை அளவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் கேட்டார். பிரசவமான மூன்றாம் நாள் அளவில் தொடங்கும் காரணமற்ற அழுகையும் பதற்றமும் மிகப் பலருக்கு வரும். இரண்டு வாரத்துக்குள் அடங்கும். அதற்கு மேலும் நீடித்தால், தூங்க வாய்ப்பிருந்தும் தூங்க முடியவில்லை என்றால், குழந்தையிடம் ஒட்டுதலே வரவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றுகிறது என்று சொன்னால் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

அன்றாடத்தில், குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அந்த வேலையை நாம் பங்கிட முடியாமல் போகலாம். முன்னும் பின்னும் உள்ளதெல்லாம் நம்முடையது: எடுத்துக் கொடுப்பது, ஏப்பம் விடச் செய்வது, டயப்பர், உடுப்பு, துவைப்பது, காய்ந்ததை மடித்து இரவுக்கு இரண்டு செட் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது. தொடர்ந்து நான்கு மணி நேரத் தூக்கம் கிடைத்த காலையில் என் மனைவியின் குரலே வேறாக இருந்தது.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால் உடனே, இரவானாலும். பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் துவண்டு கிடத்தல், மூச்சுத் திணறல், ஒரு வார வயதுக்குப் பிறகு நாளுக்கு ஆறுக்கும் குறைவான ஈர டயப்பர், பிறந்த முதல் நாளிலேயே தெரியும் மஞ்சள் நிறம் அல்லது கால் வரை பரவும் மஞ்சள். தோலின் மஞ்சளைப் பகல் வெளிச்சத்தில், சட்டையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். மஞ்சள் உடுப்பும் மஞ்சள் விளக்கும் கண்ணை ஏமாற்றும்.

பரிசாக உடுப்பு வாங்கித் தர விரும்புகிறோம். என்ன அளவு?

68 அல்லது 74. அவள் அந்த அளவுக்கு வளரும் மாதத்தில் வெயிலா குளிரா என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

சிறியதாகிப்போன உடுப்புகளை என்ன செய்வது?

கைக்குழந்தை உடுப்பு தேய்வதற்குள் சிறியதாகிவிடுகிறது, அதனால் அடுத்த குழந்தைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், வாங்கவும் செய்யலாம். பல முறை துவைத்த பருத்தி புதியதைவிட மென்மையாகவும் இருக்கும். கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பிரஸ் பட்டனையும் இழுத்துப் பாருங்கள். ஆடுவது ஒன்று இருந்தாலும் அந்தச் சட்டையை ஒதுக்கிவிடுங்கள். தளர்ந்த எலாஸ்டிக், தொங்கும் நூல், ஜிப்பின் உடைந்த பல் ஆகியவற்றையும் பாருங்கள். அளவு வாரியாகப் பிரித்து, பையின் மேல் எண்ணை எழுதி வையுங்கள்.

லேபிள் கிழிக்காத அந்த ஒன்பது சட்டைகளும் போன மாதம் பிறந்த ஒரு குழந்தைக்குப் போய்விட்டன. இடது தோளில் மங்கலாகப் பால் கறை படிந்த, 50 அளவுள்ள வெள்ளைச் சட்டை ஒன்றை மட்டும் என் மனைவி யாருக்கும் கொடுக்கவில்லை.